மதுரையைச் சுற்றிச் சில குன்றுகள்

மதுரைக்காரர்கள் மதுரையைச் சுற்றிப் பார்ப்பது வெளியூரிலிருந்து விருந்தினர் வரும்போது மட்டுந்தான். கோயில், 1636 இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், வண்டியூர்த் தெப்பக்குளம், 1959 இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் என்று நான்கு இடங்களைக் காட்டுவோம். மாலையில் விளக்குத்தூண் அருகே ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பிவிடுவோம். விருந்தினர் வராத ஆண்டுகளில் அந்த நான்கு இடங்களுக்கும் போவதில்லை. ஐந்தாவதாக ஓர் இடம் உண்டா என்ற கேள்வியே எழுந்ததில்லை.

நாங்கள் மூவர். ஒரே கல்லூரியில் ஒரே துறையில் தமிழ் கற்பிக்கிறோம். மூவருக்கும் நாற்பதைக் கடந்த வயது. மூவருக்கும் மதுரையே ஊர். இளங்கலை வகுப்புக்கான கல்வெட்டியல் தாளை ஆண்டுக்கொருவராக மாறிமாறி நடத்தி வந்தோம். அந்தத் தாளில் மாங்குளத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. 1882 இல் இராபர்ட் சூவெல் அங்குள்ள எழுத்துகளைக் கண்டறிந்தது, 1924 இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகைக் குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று வாதிட்டது, 1960களில் ஐராவதம் மகாதேவன் அவற்றில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைப் படித்தது ஆகிய செய்திகளை வரிசை மாறாமல் சொல்வோம். பின்னர்க் கரும்பலகையில் தமிழி எழுத்துகளை எழுதிக் காட்டுவோம். மாணவர்கள் பார்த்து வரைந்துகொள்வார்கள். தேர்வில் பத்து மதிப்பெண் உறுதி.

2011 ஆம் ஆண்டில் ஒரு நாள் வகுப்பு முடியும் நேரத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அய்யா, நீங்க சொல்ற மாங்குளம் மலை எங்க ஓவாமலைதானே? அங்கதான் எங்க தாத்தா ஆடு மேச்சாரு. நீங்க எந்தப் பக்கமா ஏறுனீங்க?"

எங்களில் யாரிடம் அவன் அதைக் கேட்டான் என்பது இங்கு முக்கியமன்று. மற்ற இருவரிடம் கேட்டிருந்தாலும் விடை ஒன்றுதான். எட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வந்த அந்த மலை எங்கள் வீடுகளிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருந்தது. நாங்கள் எந்தப் பக்கமாகவும் ஏறியிருக்கவில்லை.

ஊரில் அப்போது குன்றுகளைப் பற்றிய பேச்சு தொடங்கியிருந்த காலம். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010 இல் எழுந்து, சுற்றுவட்டார மக்களின் எதிர்ப்பால் நின்றிருந்தது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை அதே ஆண்டில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் குன்றுகளுக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தது. இவற்றையெல்லாம் நாங்கள் செய்தித்தாளில் படித்தோம், படித்ததோடு சரி. அந்த மாணவனின் கேள்வியே எங்களைக் கிளப்பியது. வெட்கம் என்பது நல்ல வாகனம்.

மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், இருள் விலகுமுன் மாட்டுத்தாவணியில் கூடினோம். மாணவன் தன் ஊர் நிறுத்தத்தில் ஏறிக்கொண்டான். மீனாட்சிபுரத்தில் இறங்கி வயல் வரப்பு வழியே நடந்து மலையடிக்கு வந்தோம். அவன் ஏறிய வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. வழியில் மூன்று முறை அமர்ந்தோம். ஒவ்வொரு முறையும் அவன் எங்களுக்காகக் காத்திருந்து, காத்திருப்பதுபோல் தோன்றாதபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

புத்தகத்தில் ஒரு வரியாக அச்சாகியிருக்கும் கல்வெட்டு மலையில் அப்படி இருப்பதில்லை. எங்கள் மனத்தில் கண்ணுக்கு நேராக, சிலேட்டில் எழுதியதுபோல் ஒரு காட்சி இருந்தது. அங்கே நாங்கள் கண்டது முன்னோக்கி நீண்டு தொங்கும் ஒரு பெரும் பாறை. மழைநீர் உள்ளே வழியாமலிருக்க அதன் நெற்றியில் நீளமாக வெட்டப்பட்ட காடி. அண்ணாந்து பார்த்தால், பாறையின் புருவத்தில் வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெளிவுபெறும் எழுத்துகள். கீழே கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கத்தைச் சற்றே உயர்த்தி வழுவழுப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். இந்த மலையில் ஆறு தமிழிக் கல்வெட்டுகள். கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி செய்வித்த பள்ளி, வெள்ளறை வணிகர் குழுவின் கொடை என்பன அவற்றின் செய்திகள். ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழமை.

நாங்கள் இதையெல்லாம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படுக்கையில் நீட்டிப் படுத்துவிட்டான். "உச்சி வெயில்ல தாத்தா இதுலதான் படுப்பாராம். பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்லுவாரு. கோடையிலயும் சில்லுன்னு இருக்கும், படுத்துப் பாருங்கய்யா" என்றான். தயங்கித் தயங்கி ஆளுக்கொன்றில் படுத்தோம். கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. சமணத் துறவியருக்காக வெட்டப்பட்ட படுக்கையில், அவர்கள் போன பின் எத்தனையோ தலைமுறை ஆட்டிடையர்கள் உறங்கியிருக்கிறார்கள். எங்கள் தாளில் அவர்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

மலையின் மேலிருந்து மேலூர்ப் பக்கம் பார்த்தபோது தொலைவில் சில குன்றுகள் பாதியாக நின்றன. கத்தியால் அறுத்த பாலாடைக்கட்டிபோல் வெள்ளைச் சுவர்கள். கிரானைட் குவாரிகள். எங்களில் ஒருவர் கொதித்துப்போய்ப் பேசத் தொடங்கினார். மலையை விற்பவன் தாயை விற்பவன் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. மற்ற இருவரும் ஆமோதித்தோம். மாணவன் அந்தச் சுவர்களில் ஒன்றைக் கைகாட்டி, மரியாதை சற்றும் குறையாமல், "அங்கதான்யா எங்கப்பா வேலை பாக்குறாரு" என்றான்.

அதன்பின் இறங்கும்வரை யாரும் அதிகம் பேசவில்லை.

அவன் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு செய்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் தந்தை வந்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். புருவத்திலும் காதோரத்திலும் கல்தூள் படிந்திருந்தது. குவாரியில் துளை போடும் வேலை. கைகால் கழுவிக்கொண்டு வந்து எங்களருகே சம்மணமிட்டு அமர்ந்தார். காலையில் பார்த்ததைச் சொன்னோம். அவர் அந்த எழுத்துகளைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர். எங்களுக்குத் தெரியாத செய்திகளைச் சொன்னார். மரத்தைப்போலவே கல்லுக்கும் ஒரு போக்கு உண்டு. அதை அறியாமல் அடித்தால் வேண்டாத இடத்தில் பிளக்கும். அந்தப் படுக்கைகளை வெட்டியவன் போக்கு அறிந்தவன். பிறகு கேட்டார்:

"சார், மேல எழுதியிருக்கிறதுல என்னதான் இருக்கு?"

"ராஜாவோட ஆள் ஒருத்தர் ஒரு சாமியாருக்கு இந்த எடத்தச் செஞ்சு கொடுத்தாருன்னு இருக்குண்ணே."

"அவர் பேரு இருக்கா?"

"இருக்குண்ணே. கடலன் வழுதின்னு பேரு."

"சரி. வெட்டுனவன் பேரு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கல்வெட்டில் இருக்கும் சொல் 'கொட்டுபித்த' என்பது. கொத்துவித்த, வெட்டுவித்த என்று பொருள். அது பிறவினை என்று எத்தனையோ முறை வகுப்பில் இலக்கணக்குறிப்பு கொடுத்திருக்கிறோம். ஒருவன் ஏவ, இன்னொருவன் செய்வது பிறவினை. ஏவியவன் எழுவாயாகிவிடுவான், செய்தவன் அந்தச் சொல்லின் நடுவிலிருக்கும் ஒரு விகுதிக்குள் மறைந்துபோவான். அப்படி ஒருவன் உள்ளே மறைந்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் துளைபோட்டுவிட்டு வந்த ஒருவருக்கு முதலில் தோன்றியது அதுதான்.

"இல்லண்ணே" என்றோம்.

"இருக்காது" என்று சொல்லிவிட்டு எங்கள் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

அந்த நாளிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குக் குன்றுகளுக்கு உரியதாயிற்று. தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலத்தின் 'எண்பெருங்குன்றம்' நூலைக் கையில் வைத்துக்கொண்டோம். கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போனோம். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும், ஒரு புறம் செட்டிப்பொடவு, மறுபுறம் பேச்சிப்பள்ளம். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள். அச்சணந்தி என்னும் சமணப் பெரியாரின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்றும் அங்கே இருக்கிறது. ஒரு தாயின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாகப் பாறையில் நிற்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது, இன்னொரு பாறையில் வெள்ளை வண்ணத்தில் வேறு பெயர்களும் தெரிந்தன. காதலர் பெயர்கள், நடிகர் பெயர்கள், அவற்றோடு நாங்கள் பணிபுரியும் கல்லூரியின் பெயரும் ஓர் ஆண்டும். எங்கள் மாணவர்களாகத்தான் இருக்க வேண்டும். எட்டு ஆண்டுக் கல்வெட்டியல் பாடத்தின் பயன் இவ்வளவுதான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

யானைமலையடியில் நரசிங்கத்துக்குப் போனோம். பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி 770 இல் எடுத்த குடைவரை அது. கீழவளவுக்குப் போனோம். அங்கே தொண்டியைச் சேர்ந்த ஒருவன் கொடுத்த பள்ளியைப் பற்றிய தமிழி எழுத்துகள் தலைகீழாகப் புரண்டு நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட அந்த ஒரு குன்றைச் சுற்றி, வெட்டிய குன்றுகளின் பள்ளங்களில் பச்சை நிறத்தில் நீர் தேங்கிக் கிடந்தது.

எங்கே போனாலும் எழுத்துகளில் வினைச்சொல்லைத் தேடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. செய்வித்த, கொட்டுபித்த. எல்லாம் பிறவினை.

2012 இல் மேலூர்ப் பகுதி கிரானைட் குவாரிகளின் முறைகேடுகள் வெளியே வந்தன. மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அந்த ஆண்டின் பிற்பகுதியில் குவாரிகள் மூடப்பட்டன. கல்லூரி ஓய்வறையில் இனிப்பு வழங்காத குறையாக மகிழ்ந்தோம். வகுப்பிலும் பேசினோம். மூன்றாம் வரிசையில் அவன் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். எழுதுவதற்கு அன்று நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவன் தந்தைக்கு வேலை போயிற்று. கல் வெட்டியவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். அவர் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் காவலாளியானார். அடுத்த பருவக் கட்டணத்தை நாங்கள் கட்டுவதாகச் சொன்னோம். அவன் மறுத்துவிட்டான். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் மாலை வேலைக்குச் சேர்ந்து, கண்ணெரிச்சலோடு காலை வகுப்புக்கு வந்து, படிப்பை முடித்தான். குவாரிகள் மூடப்பட்டது சரி என்பதில் எங்களுக்கு அன்றும் இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்தச் சரியின் விலையில் எங்கள் பங்கு ஒரு காசும் இல்லை. மலையின்மீது நின்று கொதிப்பது எங்களுக்கு எளிதாக இருந்ததன் காரணம் அதுவே. இதை எங்களுக்குள் ஒத்துக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆயின.

எல்லாக் குன்றுகளையும்விட நாங்கள் அதிகம் போனது அரிட்டாபட்டிக்கு. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை ஒன்று உண்டு. அதில் இலகுலீசர் சிற்பம். சுனைகளில் கோடையிலும் நீர் இருக்கும். செங்குத்துப் பாறைகளில் வல்லூறுகள் கூடு கட்டும். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்ப் பகுதிகளைத்தான். அரிட்டாபட்டியும் ஓவாமலையும் ஒரே அறிவிப்பில் சேர்ந்தன.

அரிட்டாபட்டிக் குன்றொன்றில் தாமரைமீது அமர்ந்த தீர்த்தங்கரர் உருவம் உண்டு. பிற்காலத்தில் பூசிய சுதையும் வண்ணமும் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்து. திருப்பிணையன்மலை என்று அந்த மலையின் பழம்பெயரைச் சொல்லி, அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லி, பாதிரிக்குடியார் ரட்சை என்று முடிகிறது. செய்வித்தவர் ஒருவர்; காக்க வேண்டியவர்கள் ஓர் ஊரார். செய்தவன் பெயர் இங்கும் இல்லை. ஆனால் காக்கிறவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. துறவியர் போய்விடுவார்கள், அரசர் மாறுவார்கள், அடிவாரத்து ஊரார்தான் இருப்பார்கள் என்று அதை எழுதச் சொன்னவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

அந்தச் சொல்லின் பொருளை நாங்கள் நேரில் பார்த்தது பின்னர்தான். 2024 நவம்பரில் மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி உள்ளிட்ட ஊர்களில் 2,015 எக்டேர் பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு வெளியானது. பல்லுயிர்த் தலமும் அந்தப் பரப்புக்குள் வந்தது. ஊர்கள் கூடின. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒரு நாள் மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்து வந்தார்கள். நாங்கள் தல்லாகுளத்தில் நின்றுகொண்டிருந்தோம். பழைய மாணவன் எங்களைக் கண்டு கூட்டத்திலிருந்து விலகி வந்தான். இப்போது அவன் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். பழக்கத்தால் அவன் என்றே எழுதுகிறோம். உடன் அவன் தந்தையும் இருந்தார். முடி முழுதும் நரைத்திருந்தது. இம்முறை கல்தூள் அன்று.

"நீங்களும் நடந்தா வந்தீங்கண்ணே?" என்று கேட்டோம்.

"ஆமா சார். முட்டிதான் கொஞ்சம் வலிக்குது. தண்ணி இருக்கா?"

தண்ணீர் குடித்த பின், அவர் மலையைக் காக்க வந்தது பற்றி எங்களில் ஒருவர் நெகிழ்ந்து ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் சிரித்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். திருப்பூர்லருந்து வந்து ஆடு வாங்கினேன். இப்ப பதினாறு உருப்படி இருக்கு. மலை போச்சுன்னா எங்க மேய்க்கிறது? குவாரியில மூணு நேரம் சோறு கெடச்சுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மலை இருக்குற வரைக்கும். ஆடுன்னா பேரன் காலத்துக்கும் இருக்கும்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. மலையை அறுத்துச் சோறு தின்றவரும் அவர்தான், அதற்காக முட்டிவலியோடு நடந்தவரும் அவர்தான். அன்று ஓவாமலை உச்சியில் நாங்கள் பேசிய வீரவசனம் எதுவும் இந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

இப்போது கல்வெட்டியல் தாளை நாங்கள் கரும்பலகையிலிருந்து தொடங்குவதில்லை. முதல் வகுப்பில் யார் யாருக்கு எந்த ஊர், பக்கத்தில் என்ன மலை, அதை வீட்டில் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். பருவத்துக்கு ஒரு முறை அழைத்துப் போகிறோம். போகுமுன் பாறையில் பெயர் எழுதுவதில்லை என்று உறுதி வாங்கிக்கொள்கிறோம். பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள். மலைமேல் ஏறியதும் முதலில் படுக்கைகளில் படுக்கச் சொல்கிறோம்; எழுத்து பிறகு.

கடந்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு ஓவாமலைக்குப் போயிருந்தோம். கற்படுக்கை ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருந்தது. துண்டால் முகத்தை மூடி ஒரு பெரியவர் உறங்கிக்கொண்டிருந்தார்; சற்றுத் தள்ளிச் சில ஆடுகள். அருகே போன பின்தான் யாரென்று தெரிந்தது. மாணவர்களைச் சத்தமிடாதிருக்கச் சொல்லி, அடுத்த குகைக்கு அழைத்துப் போனோம். பாடத்தை அங்கிருந்தே தொடங்கினோம்.

அடுத்த மாதம் கொங்கர் புளியங்குளம். திருமங்கலம் போகும் வழியில்தான் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கற்படுக்கைகள் அங்கே உண்டு. வர விரும்பும் மதுரைக்காரர்கள் வெயிலுக்கு முன் வந்துவிட வேண்டும். விருந்தினர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.